டார்ச் அடித்துச் சொன்ன கான்சர்

அப்பாவின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்த தோட்டத்து டாக்டர், வெற்றிலைக் கறை படிந்த பல்லையும் பார்த்தார். "கான்சர். இவ்வளவு புகையிலை போட்டா வராம என்ன செய்யும்? சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயி நல்லபடியா வச்சுக்கோங்க" என்றார். பரிசோதனை அவ்வளவுதான். சளியைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. எழுபதுகளில் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாதிப் பேர் வாயில் வெற்றிலைதான். அப்படிப் பார்த்தால் எங்கள் லயத்தில், வரிசை வீட்டுத் தொழிலாளர் குடியிருப்பில், யாருக்கும் வேறு வியாதியே வரக் கூடாது.

அப்பாவுக்கு ஃபேக்டரியில் தூள் சலிக்கும் வேலை. பல வருடமாக மூச்சிளைப்பு. இப்போது குரல் கம்மி, எச்சில் விழுங்கவே துடித்தார். கான்சர் என்ற பேச்சு பரவியதும் சனம் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்து, உயிரோடு இருக்கிற மனுஷன் முன்னால் மூக்கைச் சிந்தியது. அம்மா ஊருக்கு மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்த நான், லீவு சொல்லிவிட்டு இருவரையும் பஸ் ஏற்றி, கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார். "பார்த்தா கான்சர் போலத்தான் இருக்கு. பக்ஷே, ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் செய்யாம சொல்லக்கூடாது. வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

அப்பா இல்லையென்று தலையாட்டினார். அம்மாவும் ஆட்டினாள். டாக்டரம்மா அப்பாவின் முகத்தையே பார்த்தார். கைகால் குச்சியாக இருக்க, முகம் மட்டும் உப்பி உருண்டையாக இருந்தது. லயத்தில் அதைத்தான் 'மூஞ்சி தெளிஞ்சிருச்சு' என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடியும் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாராவாரம் இளைப்புக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வெள்ளை மாத்திரையைச் சொன்னேன்.

"அது தோட்டம் குடுக்கதுல்லா, அதைப் போயி மருந்துன்னு எப்பிடிச் சொல்ல?" என்றார் அப்பா, காற்றாகப் போன குரலில். கம்பளி, தேயிலைத் தூள் மாதிரி அதுவும் தோட்டம் தருகிற படி. கடையில் வாங்கினால்தான் எங்களுக்கு மருந்து.

அது ஸ்டீராய்டு. இளைப்பை அடக்கும், வருடக்கணக்கில் தின்றால் முகத்தை இப்படி உப்ப வைத்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும் என்றார் டாக்டரம்மா. சதைத் துண்டையும் சளியையும் பரிசோதித்தார்கள். கான்சர் இல்லை, டி.பி. நுரையீரலில் இருந்த கிருமி தொண்டைக்கு ஏறிப் புண்ணாக்கியிருந்தது. குணமாகிற வியாதி! அந்த மாத்திரையைக் கொடுத்தது தோட்டத்து டாக்டரின் டிஸ்பென்சரி, பழி வெற்றிலைமேல்.

ஊசியும் மாத்திரையுமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வெள்ளை மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். குரல் கொஞ்சம் கரகரப்போடு திரும்பியது. வேலைக்குச் சேர அதே தோட்டத்து டாக்டர்தான் உடம்பு தேறிவிட்டதென்று எழுதித் தர வேண்டும். கோட்டயத்துச் சீட்டை நீட்டினேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கான்சர்னு ஆபீசுக்கு எழுதிக் குடுத்தாச்சேம்மா. இப்ப மாத்தி எழுதினா என்னை என்ன நினைப்பாங்க? அன்னிக்குப் பார்க்க கான்சர் மாதிரிதானே இருந்தது?"

"மாதிரி இருந்தா? டெஸ்ட் பண்ணிட்டு வான்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலியா?" என்று கத்தினேன். அவர் எழுதித் தரவே இல்லை. அப்பாவின் வேலை போனது போனதுதான்.

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு தாயி. நாஞ் சாகாம வந்து நின்னது அவருக்குச் சங்கடமாப் போச்சு" என்றார்.