ஏரிக்குள் அம்பாசடரை இறக்கியது யார்?

பெரிய மாமா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். நாற்பது வருடமாகச் சொல்கிறீர்கள். போன மாதம் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே மறுபடியும் சொன்னீர்கள். கார் ஓட்டப் பழக வேண்டும் என்று கேட்ட உங்கள் சொந்தப் பேத்தியிடம் என்னைக் கைகாட்டி, "இவ ஒருத்தி ஓட்டுனது போதும். காரக் கொண்டு போயி ஏரியில வுட்டா. நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்கு அது சரிப்படாது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: பெரிய மாமா என்றால் என் அம்மாவின் மூத்த அண்ணன். பெரம்பலூர் பக்கம் நல்ல நிலபுலன். எங்கள் குடும்பத்தில் பெண் பார்ப்பதிலிருந்து போர் போடுவது வரை அவர் சொன்னால்தான் நடக்கும். அவர் சொல்லித் தோண்டிய மூன்று போரில் தண்ணீர் வரவில்லை. அதை யாரும் மண்டபத்தில் பேசுவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு அரியலூரில் உரக்கடை, திருமானூரில் ஒரு கிளை. இரண்டுக்கும் நடுவே புல்லட்டில் போய் வந்துகொண்டிருந்தார். சர்க்கரை முற்றி இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். புல்லட் போயிற்று. கரும்பு வெட்டுக்காரர்கள் ஏறுகிற பஸ்ஸில் புண்ணோடு நின்றுகொண்டு போனால் யாராவது மிதிப்பார்கள், மிதித்தார்கள். டாக்சி வைத்துப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. ஆண்பிள்ளை கிடையாது. நானும் என் தங்கையும்தான். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஒரு நாள் காலையில் கால் புண்ணில் போட்டிருந்த துணிக்கட்டை அவிழ்த்துக்கொண்டே அப்பா சொன்னார்:

"ஒரு பழைய காரா பாப்பம். நீ ஓட்டக் கத்துக்க."

அம்மா காபி டம்ளரைத் தரையில் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. அப்பாவின் காலைப் பார்த்தாள்.

அப்பாவுக்கு மூன்று நிபந்தனை. விலை குறைவாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் குறைவாக வர வேண்டும். நான் கொண்டுபோய் எங்காவது இடித்தாலும் யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்ளாத அளவுக்கு அது ஏற்கெனவே இடிபட்டிருக்க வேண்டும். இதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் பழகுகிற பிள்ளைக்குக் கார் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் இதையேதான் சொல்கிறேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். காலையில் கணக்கு எடுப்பார், சாயங்காலம் பாலிசி எடுப்பார். கரும்பலகை இல்லாமலே பாடம் நடத்தினார்.

"அண்ணே, இன்ஜின் சின்னதா இருந்தா பிரீமியம் கம்மி. பியட் மாதிரி பாருங்க. சொந்த உபயோகத்துக்கு ஓடுன வண்டியா இருக்கணும். டாக்சியா ஓடுன வண்டிய மட்டும் தொடாதீங்க. அத சொந்த வண்டியா மாத்துறதுக்கு திருச்சி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்தே செருப்பு தேஞ்சிடும். அதுவரைக்கும் டாக்சிக்கு உண்டான பிரீமியம்தான்."

"புள்ள ஓட்டுனா ஏதும் ஜாஸ்தி கேப்பாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"எல் போர்டு மாட்டணும். பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆளு உக்காந்திருக்கணும். அவ்வளவுதான். கம்பெனிக்கு ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணுதான், நம்ம ஊருக்குத்தான் ரெண்டு."

அந்த வாத்தியார் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

அரியலூரிலேயே ஒரு பியட் இருந்தது. மாற்றலாகிப் போகிற ஒரு பேங்க் மேனேஜருடையது. சாம்பல் நிறம். ஆர்.சி. புத்தகம், டாக்ஸ் கட்டிய ரசீது எல்லாம் ஒரே கவரில் வைத்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார். கால் மூன்று பெடலுக்கும் எட்டியது. கண்ணாடி வழியாக முன்பக்கம் முழுக்கத் தெரிந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"மச்சானயும் ஒரு வார்த்த கேட்டுக்குவம்" என்றார் அப்பா.

அங்கேதான் கெட்டது.

மாமா, நீங்கள் தனியாக வரவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வருவீர்கள் என்று நினைத்தோம். மாட்டுத் தரகரைக் கூட்டி வந்தீர்கள். "உருப்படி எதுவா இருந்தா என்னா, பாக்குற கண்ணுதான் முக்கியம்" என்றீர்கள். அந்த ஆள் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். முன்னால் நின்று விளக்குகளைப் பார்த்தார். பின்னால் போய் டிக்கியில் ஓங்கித் தட்டினார். எதற்குத் தட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நடக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அப்புறம் குனிந்து, டிக்கி மூடியில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு நசுங்கலைத் தடவினார். உங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, பாடச்சுழி."

மாட்டின் முதுகில் அந்தச் சுழி இருந்தால் வாங்கியவன் பாடை ஏறுவான் என்பது கணக்கு. நீங்கள் பேங்க் மேனேஜரிடம் முகத்துக்கு நேராக, "வண்டி ஆவாதுங்க" என்றீர்கள்.

"ஏங்க, இன்ஜின இன்னும் தெறந்தே பாக்கலையே?"

"இன்ஜின் என்னாங்க இன்ஜின். சுழி தப்பு."

பேங்க் மேனேஜர் காரைப் பார்த்தார், தரகரைப் பார்த்தார். "ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா வைக்கோலாவது போட்டு வச்சிருப்பேனே" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள். அப்பா காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியின் அண்ணன் பேச்சைத் தட்டுகிற தைரியம் அவருக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

அடுத்த வாரம் பாடாலூரில், ரோட்டோரத்து லாரி ஷெட் ஒன்றில் அம்பாசடரைக் காட்டினீர்கள். வெள்ளைப் பெயின்ட், நேற்று அடித்தது போல வாசனை வந்தது. நான் கதவைத் திறந்து ஓரத்தைப் பார்த்தேன். உள்ளே கறுப்பு. கூரை ஓரத்து ரப்பரைத் தூக்கினேன். மஞ்சள்.

"மாமா, இது டாக்சியா ஓடுன வண்டி. வாத்தியார் வேணாம்னாரு."

"ஏ கழுத, நீ செத்த சும்மா இரு" என்றீர்கள். தரகர் பானெட்டின் நடுவில் ஒரு மேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கோபுரச்சுழியாம். வந்த வீடு விளங்குமாம். உங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, ஷெட்காரர் கையை உள்ளே இழுத்து மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரி விரலைப் பிடித்து விலை பேசினார். ஷெட்காரரும் சளைத்தவர் இல்லை, அவரும் விரலைப் பிடித்தார். யாருக்குக் கார் வேண்டுமோ அந்த அப்பா, பக்கத்தில் ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். என்ன விலை என்று கடைசியில்தான் அவருக்குச் சொன்னார்கள்.

வாத்தியார் வந்து ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். புத்தகத்தை மூடினார். "நான் சொன்னத நீங்க கேக்கல" என்றார். பெயர் மாற்றி டாக்சிக் கணக்கிலிருந்து எடுக்கும் வரை டாக்சி பிரீமியம்தான். பியட்டுக்கு ஆகியிருக்கும் தொகையை விட எவ்வளவோ அதிகம். திருச்சி ஆபீசில் ஆள் இருக்கிறார், ஒரே வாரத்தில் மாற்றித் தருகிறேன் என்றீர்கள், மாமா. நாலு மாதம் ஆயிற்று. அந்த ஆள் பிறந்தாரா என்றே தெரியவில்லை. செலவைக் குறைக்க நீங்களே ஒரு யோசனையும் சொன்னீர்கள்: "அடுத்தவனுக்கு அடிபட்டா குடுக்குற இன்சூரன்ஸ் மட்டும் போடு மாப்ள. நம்ம வண்டிக்கு என்னா ஆயிடப் போவுது, கோபுரச்சுழி."

ஆனால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தெருக்கோடியில் இருந்த ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார். கற்றுக் கொடுத்தார் என்பதை விடத் திட்டினார் என்பது சரி. "யம்மா, கிளட்ச்ச மிதிக்கச் சொன்னா பாம்ப மிதிக்கிற மாதிரி மிதிக்கிற" என்பார். அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை வீங்கியது. மூன்றே மாதத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே திருமானூர் போய் வந்தேன். டிரைவர் என் பக்கத்தில் இருப்பார், அப்பா பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்து வருவார். ஒரு நாள் குறட்டை விட்டார். ஒரு ஓட்டுநருக்கு அதைவிட நற்சான்று இல்லை.

ஓட்டிக் காட்டச் சொல்லி லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் அரியலூருக்கு மாதம் ஒரு முறை கேம்ப் வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு டெஸ்ட். முந்தின நாள் திங்கள்கிழமை, சிறுவாச்சூர் அம்மன் கோவில் திறந்திருக்கும் நாள். வண்டிக்குப் பூஜை போட்டே ஆக வேண்டும் என்று நீங்கள் நின்றீர்கள். அரியலூரிலிருந்து நான் ஓட்டினேன், பஸ் டிரைவர் பக்கத்தில், நீங்கள் பின்னால். பூஜை முடிந்து திரும்பும்போது, பெரம்பலூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று டிரைவர் இறங்கிக்கொண்டார். நாளைக்கு டெஸ்டுக்கு நேராக வந்துவிடுவதாகச் சொன்னார்.

நான் இன்ஜினை நிறுத்தினேன். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாமல் நான் ஓட்டக்கூடாது. நீங்களும் அதையே சொன்னீர்கள்.

"லைசென்ஸ் இல்லாம நீ ஓட்டப்படாது. எறங்கு. நான் ஓட்டுறேன்."

"ஒங்ககிட்ட இருக்கா?"

"எனக்கு எதுக்குடீ லைசென்சு? ஆறு வயசுலேர்ந்து வண்டி ஓட்டுறேன்."

எந்த வண்டி என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு டிரைவர் யாரையாவது பிடித்து வருவோம் என்றேன். நாலு பேர் பார்க்கிறார்கள், இறங்கு என்று கையைப் பிடித்து இழுத்தீர்கள். இறங்கிப் பக்கத்து சீட்டுக்கு மாறினேன். நான் செய்த ஒரே தப்பு அது. ஒத்துக்கொள்கிறேன்.

வண்டியை எப்படியோ குலுக்கிக் குலுக்கிக் கிளப்பிவிட்டீர்கள். அரியலூர் ரோட்டில், ஊரைத் தாண்டியதும் ஒரு ஏரிக்கரை வரும். கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து கிடந்தது. கரைமேல் ரோடு. எதிரே ஆடுகள். நீங்கள் என்ன செய்தீர்கள் தெரியுமா மாமா? பிரேக்கை மிதிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நெஞ்சைப் பார்த்து இழுத்தீர்கள். "ஓ... ஓ... ஹோய்!" என்றீர்கள். நாக்கைக்கூடச் சொடுக்கினீர்கள். மாட்டு வண்டியை நிறுத்த முதுகைப் பின்னால் சாய்த்துக் காலை முட்டுக்கொடுப்பீர்களே, அப்படிக் கொடுத்தீர்கள். முட்டுக்கொடுத்த கால் ஆக்சிலேட்டர்மேல் இருந்தது.

ஆடுகள் புத்திசாலிகள். ஒதுங்கின. நாம் இறங்கினோம்.

கார் இடது பக்கமாகச் சாய்ந்து சேற்றில் புதைந்தது. என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை, தண்ணீர் உள்ளே வந்தது. நீங்கள் உங்கள் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே ஏறினீர்கள். வேட்டி ஜன்னல் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டுப் போனீர்கள். நான் முன் சீட்டிலேயே நகர்ந்து, மேடாக இருந்த உங்கள் பக்கத்துக்கு வந்து, காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தேன். ஆட்டுக்காரர்களும் வயல்காரர்களும் ஓடி வந்தபோது அவர்கள் பார்த்தது இதைத்தான்: ஸ்டியரிங்குக்கு முன்னால் நான், கரையில் பட்டாப்பட்டி டிராயரோடு நீங்கள்.

"பொட்டப்புள்ளயா ஓட்டுச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

நீங்கள் டிராயரை இழுத்து விட்டுக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"அந்த வேட்டி?"

"புள்ளய இழுக்கத்தான் உள்ள பூந்தேன்."

சாயங்காலத்துக்குள் நீங்கள் என்னைக் காப்பாற்றிய வீரர் ஆகிவிட்டீர்கள். வீட்டில் நான் உண்மையைச் சொன்னேன். கத்திச் சொன்னேன். அப்பா உங்களைப் பார்த்தார். "பயத்துல ஒளறுது மாப்ள, துன்னூறு போட்டுப் படுக்க வையி" என்றீர்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்னை நம்பினார் என்று எனக்குத் தெரியும். நம்பியதை வெளியே சொல்லவில்லை. அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

வாத்தியார் வந்து பார்த்தார். "நம்ம வண்டிக்கு இதுல ஒண்ணும் கெடைக்காதுண்ணே. ஏரிக்கு ஏதும் அடிபட்டிருந்தா, ஏரி வந்து கேட்டா குடுப்பாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டிரைவர் சொன்னபடி வந்தார். கார், மெக்கானிக் ஷெட்டில் நின்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது; டெஸ்ட் போயிற்று. எல் போர்டை அம்மா அடுப்பில் வைத்தாள். அப்பா மறுபடியும் பஸ்ஸில் போனார். இரண்டு வருடத்தில் திருமானூர் கடையை மூடினார். என் தங்கை மொபெட் கேட்டபோது, "ஒருத்தி ஏரியில வுட்டது போதாதா" என்றார்கள். சித்தி மகள் கேட்டபோதும் அதே. முப்பத்தியோரு வயதில், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் நான் லைசென்ஸ் எடுத்தேன். இன்றுவரை ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அதையும் யாரும் மண்டபத்தில் சொல்வதில்லை.

எனக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, மாமா. ஆனால் உங்கள் பேத்திக்குப் பதினெட்டு வயது. மண்டபத்து வாசலில் என்னிடம் வந்து, "அத்த, நெசமாவே நீங்கதான் வுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். உங்க தாத்தாவைக் கேளு என்றேன். கேட்டாளாம். நீங்கள் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டீர்களாம்.

வருகிற மாசியில் உங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எல்லோரும் வருகிறோம். நானும் வருவேன், என் காரில். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், அம்மாவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். பங்காளிகள், சம்பந்திகள், உங்கள் மகன், அந்தப் பெண் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: கார் ஏரியில் இறங்கியபோது ஓட்டியது யார்?