அம்மா எரித்த சட்டை

புதுக்குடியிருப்புச் சந்தையின் பின்பக்கத்தில், மரக்கறிக்காரருக்கும் அப்பால், நிலத்தில் தறப்பாளை விரித்து அதன்மேல் பழைய உடுப்புகளைக் குவித்து விற்கும் ஒரு பெண் இருக்கிறார். வெளிநாடுகளில் யாரோ உடுத்துக் கழித்தவை பெரிய பொதிகளாகக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து அவரிடம் வருகின்றன. நான் வேலை செய்யும் மருந்துக்கடை சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு பூட்டுப்படும். பூட்டியதும் சைக்கிளை அந்தப் பக்கம்தான் திருப்புவேன்.

அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறியது. விடியப் பொதியோடு பஸ் ஏறி வருவார். என்னைத் தூரத்தில் கண்டதும் குவியலுக்கு அடியில் கையை விடுவார்.

"மிஸ், ஒங்களுக்குன்னு ஒன்ன ஒளிச்சு வச்சிருக்கேன். நேத்தே ரெண்டு பேரு கேட்டாங்க, குடுக்கல."

எனக்குப் பிடித்தது பழைய காலத்து வெட்டு. இடுப்பில் ஒட்டி, கீழே குடை மாதிரி விரியும் சட்டைகள். வட்டக் கழுத்துப் பட்டி, முழங்கை வரைக்கும் கை, துணியால் மூடிய பொத்தான்கள். உண்மையிலேயே பழசாக இருப்பவை பத்தில் ஒன்றுதான். அவற்றில் சிப் இரும்பாக இருக்கும், கீழ் மடிப்பைக் கையால் தைத்திருப்பார்கள். மற்றவை அண்மையில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் பழசு மாதிரித் தைத்தவை. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உடுத்துக்கொண்டு நடக்கும்போது கால்களைச் சுற்றி அந்த விரிவு அசைய வேண்டும், அவ்வளவுதான்.

முதன்முதலில் வாங்கியது கரும்பச்சைச் சட்டை ஒன்று. அதை உடுத்துக்கொண்டு மருந்துக்கடையில் நின்றபோது, பிரஷர் குளிசைக்கு வந்த ஒரு முதியவர் மருந்துத் துண்டை நீட்ட மறந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதையும். நான் பொடியனா இருக்கேக்கை எங்கடை பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த ரீச்சர் இப்பிடித்தான் ஒரு சட்டை போட்டவா. நாங்கள் எல்லாரும் ஒரு கிழமை பாடத்தைக் கவனிக்கேல்லை."

பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு துண்டை நீட்டினார். அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஆனால் அந்தச் சட்டைகள் ஒன்றும் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. அது அம்மாவின் சட்டம். ஊரான் கழித்த உடுப்பு வாசற்படி தாண்டினால் தான் வீட்டைவிட்டு இறங்குவேன் என்று ஒருமுறை சொன்னார். அம்மா அதிகம் கோபப்படுகிறவரில்லை. அதனால் அவர் சொன்னது எங்களுக்குப் பயமாக இருந்தது. அப்பாதான் வழி செய்து தந்தார். முற்றத்தின் ஓரத்தில் இருக்கும் மீன்வலைக் கொட்டிலில் ஒரு தகரப் பெட்டியைக் காலியாக்கி, "இதுக்கை வை. கொம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார். நான் சட்டைகளைக் கிணற்றடியில் தோய்த்து, கொட்டிலுக்குப் பின்னால் கொடி கட்டிக் காயப்போட்டு, பெட்டிக்குள் மடித்து வைப்பேன். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அவற்றில் வலையின் மணம் ஏறிவிடும். ஒருநாள் பஸ் நிலையத்தில் ஒரு பூனை என் பின்னாலேயே வந்தது.

அம்மாவுக்குத் தெரியும், கண்டும் காணாத மாதிரி இருப்பார். காலையில் நான் கொட்டிலிலிருந்து வேறு ஆளாக வெளியே வரும்போது அவர் முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பிக்கொள்வார். அது அருவருப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. நாங்கள் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் முகாமுக்குப் போகும்போது எனக்குப் பதினான்கு வயது. உடுத்திருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் பழைய உடுப்பு ஏற்றிய லொறி ஒன்று வந்தது. அம்மா போய், தனக்கு ஒரு கிழிந்த நைற்றியும் எனக்கு ஒரு சட்டையும் கொண்டுவந்தார். வெளிறிய நீலத்தில், நெஞ்சிலிருந்து கீழே மடிப்பு மடிப்பாக விழும் சட்டை. கழுத்தில் வெள்ளைப் பின்னல் பட்டி. எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ ஒரு பிள்ளை பிறந்தநாளுக்கு உடுத்தது போலிருந்தது. பட்டியின் ஒரு பக்கம் கிழிந்திருந்ததை, யாரிடமோ ஊசி வாங்கி அம்மா தைத்துத் தந்தார்.

அதை உடுத்த முதல் நாள் என் மனம் எப்படி இருந்தது என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. கூடாரத்துக்குக் கூடாரம் அழுகை கேட்ட இடம் அது. எங்கள் வீட்டிலும் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அப்படியான நேரத்தில் ஒரு சட்டையைப் பார்த்துச் சந்தோசப்படுவது பாவம் என்று நினைத்தேன். ஆனால் சந்தோசம் வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது அந்த மடிப்புகளைக் கையால் நீவி நீவிப் பார்ப்பேன்.

ஊருக்குத் திரும்பிய முதல் கிழமை, முகாமிலிருந்து கொண்டுவந்த உடுப்பு எல்லாவற்றையும் அம்மா முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார். நீலச் சட்டையும் அதற்குள் கிடந்தது. "இனி ஒருத்தரின்ரை கழிசலும் எங்கடை உடம்பிலை ஏறக்கூடாது" என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அழவில்லை. அது எனக்கு வேண்டும் என்று சொல்லவுமில்லை. அதன்பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் மாதா கோயில் திருநாளுக்கும் அம்மா எப்படியோ புதுத்துணி எடுத்து, தன் கையாலேயே எனக்குத் தைத்துத் தருவார்.

போன திருநாளுக்கு இரண்டு கிழமைக்கு முன் சந்தைக்காரப் பெண் ஒரு சட்டையை உதறிக் காட்டினார். பாலாடை நிறம், முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் பூ. இரும்பு சிப், கையால் தைத்த கீழ் மடிப்பு. முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறக்கம். "இதப் போட்டுட்டு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க மிஸ்" என்றார். அதைத்தான் திருநாளுக்கு உடுப்பது என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன்.

ஆனால் அதை அழுத்தி மினுக்க வேண்டும். கொட்டிலில் மின்சாரம் இல்லை. அம்மா கோயிலைக் கூட்டப் போயிருந்த ஒரு பின்னேரம், சட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். பாதி மினுக்கியிருப்பேன். அம்மா வாசலில் நின்றார்.

"உது எங்கத்தைச் சட்டை?"

"சந்தையிலை எடுத்தனான்."

"பழசோ?"

"ஓம்."

"ஆற்றையோ கழிசலைப் போட்டுக்கொண்டு திருநாளுக்கு வரப்போறியோ? உனக்கு நான் துணி எடுத்து அலுமாரிக்கை வைச்சிருக்கிறன்."

"எனக்கு இதுதான் அம்மா பிடிச்சிருக்கு."

"முகாமிலை போட்டது உனக்குக் காணாதோ?"

மற்ற நாட்களில் நான் இந்த இடத்தில் வாயை மூடியிருப்பேன். அன்று ஏனோ முடியவில்லை.

"முகாமிலை போட்டதும் எனக்குப் பிடிச்சதுதான். நீங்கள் எரிச்சீங்களே அந்த நீலச் சட்டை, அதைப்போலை ஒரு சட்டை எனக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அதுக்குத்தான் அம்மா நான் இப்பவும் தேடித்திரியிறன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அம்மா வந்து கதிரையில் இருந்தார். கையில் இன்னும் விளக்குமாறு இருந்தது. நான் மின்னழுத்தியை நிறுத்தினேன்.

"அதை நான் பறிச்செடுத்தனான் பிள்ளை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"லொறியிலை இருந்து நிலத்திலை கொட்டினவங்கள். எல்லாரும் விழுந்தடிச்சு எடுத்தம். அந்தச் சட்டையை ஒரு மனுசி முதல் எடுத்துப்போட்டா. பக்கத்திலை அவாவின்ரை பெட்டை நிண்டது. உன்ரை வயசுதான். நான் மற்றப் பக்கத்தைப் பிடிச்சு இழுத்தன். அவா விடேல்லை. நானும் விடேல்லை. கழுத்துப் பட்டி கிழியிற சத்தம் கேட்டுது. உடனை அவா கையை விட்டிட்டா. 'கிழிச்சுப்போடாதேங்கோ, நீங்களே கொண்டுபோங்கோ' எண்டா."

அம்மா விளக்குமாற்றின் ஈர்க்குகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அவா என்னை ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும். ஏசேல்லை. நீ அதைப் போட்டுக்கொண்டு தண்ணி வரிசையிலை நிக்கேக்கை எல்லாம், அந்தப் பெட்டை எங்கையேன் நிண்டு பாக்குதோ எண்டு நான் தேடுவன்."

"பிறகு கண்டனீங்களோ?"

"ஒருக்காக் கண்டன். ஆம்பிளையளின்ரை சேட் ஒண்டு போட்டுக்கொண்டு நிண்டது. முழங்கால் வரைக்கும் தொங்குது. நான் மற்றப் பக்கத்தாலை வந்திட்டன்."

அப்போது எல்லாரும் அப்படித்தான் இருந்தோம் என்று சொல்லலாம். அதை அவர் தனக்குத் தானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருப்பார். நான் போய் அவர் காலடியில், சீமெந்து நிலத்தில் இருந்தேன்.

"எனக்கு அந்தச் சட்டை எவ்வளவு சந்தோசம் எண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லை அம்மா. சொன்னாப் பாவம் எண்டு நினைச்சன்."

"சந்தோசப்பட்டனியோ?"

"ஓம்."

"உண்மையா?"

"ஓம் அம்மா. மடிப்பைத் தடவித் தடவிப் பாத்துக்கொண்டே இருப்பன்."

"நீ ஒரு நாளும் சிரிக்கேல்லையே. உனக்கு அது பிடிக்கேல்லையாக்கும், வேறை வழியில்லாமல் போடுறாயாக்கும் எண்டெல்லோ நான் நினைச்சன்" என்று சொல்லும்போதே அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஓரமாகத் திரும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருசமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டையைப் பற்றி ஆளுக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தால் அம்மா எழும்பி மேசைக்குப் போனார். தொடமாட்டார் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் பூச் சட்டையை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தையல்களை விரலால் தடவிக்கொண்டு போனார்.

"உதைப் போட்டுப் பாத்தனியோ?"

"ஓம்."

"கம்புக்கட்டு இறுக்கியிருக்குமே."

அக்குளில் இறுக்கத்தான் செய்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"கழட்டி விடலாம். உள்ளுக்குத் துணி விட்டுத்தான் தைச்சிருக்கினம்." பிறகு கீழ் மடிப்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "ஆர் தைச்சதோ தெரியாது, நல்ல கை."

அடுத்த நாள் தையல் மெசினை யன்னலடிக்கு இழுத்து, இரண்டு பக்கத் தையலையும் பிரித்து அரை விரல் அகலம் விட்டுத் தைத்தார். பழைய ஊசித் துளைகள் ஒரு கோடாகத் தெரிந்தன. அவை தெரியாதபடி அதன்மேல் கையால் ஒரு தையல் ஓடினார். ஒரு பொத்தான் அறுந்து விழுகிற மாதிரி இருந்தது. "தெறியையும் இறுக்கி விட்டிருக்கிறன்" என்று நீட்டினார். அலுமாரியில் இருந்த புதுத்துணியை நத்தாருக்குத் தைக்கலாம் என்று மடித்து வைத்தார்.

திருநாளன்று பூசை முடிந்து கோயில் வளவில் நின்றோம். கடற்காற்று நன்றாக வீசியது. சட்டையின் விரிவைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளியிருக்கும் ஒரு மாமி கிட்ட வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"வடிவாக் கிடக்கு பிள்ளை. வெளிநாட்டிலை இருந்து ஆரும் அனுப்பினவையோ?"

உண்மையைச் சொல்லி அம்மாவை வெட்கப்படுத்திவிடக்கூடாதே என்று இருந்தது. அதற்குள் அம்மா முந்திவிட்டார்.

"இல்லை. சந்தையிலை குவிச்சு விக்கிற பழசுக்கை தேடி எடுத்தவள். நான் கம்புக்கட்டைக் கழட்டிவிட்டனான்."

மாமியின் முகம் ஒரு மாதிரி மாறியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்டு எடுத்துத் தாறியோ? வீட்டிலை நிக்கேக்கை போட. இடுப்புப் பெரிசா இருக்கவேணும்" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "அந்தப் பெட்டைக்கும் இப்ப முப்பது வயசு இருக்கும் என்ன?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "கலியாணம் கட்டிப் பிள்ளையளும் இருக்கும்" என்றார். அந்தத் தாயும் மகளும் எந்த ஊர், இப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவரும் என்று நான் நினைக்கவுமில்லை.

திருநாள் முடிந்த சனிக்கிழமை அம்மா தானாகவே என்னோடு சந்தைக்கு வெளிக்கிட்டார். தறப்பாளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். குனிய மனம் வரவில்லை என்று தெரிந்தது. சந்தைக்காரப் பெண் ஒரு சின்ன முக்காலியை எடுத்துப் போட்டு, "ஒக்காருங்கம்மா, அவசரமில்ல. யாரும் ஒங்களத் தள்ளமாட்டாங்க. நிதானமாப் பாருங்க" என்றார். அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முக்காலியில் இருந்தார். மடியில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, விரித்து, தையலைப் பார்த்து, மடித்து மற்றப் பக்கம் வைத்தார். வைத்தவை எல்லாம் கடையில் அடுக்கியவை மாதிரி இருந்தன. சந்தைக்காரப் பெண், "ஒங்கம்மா வாரா வாரம் வந்தா எனக்கு வேலையே இருக்காது மிஸ்" என்றார்.

கடைசியில் அம்மா எடுத்தது அப்பாவுக்கு ஒரு சேட். மண்ணிறம், அதில் பெரிய தென்னமரங்கள். காது வரைக்கும் வரும் அகலமான கழுத்துப் பட்டி.

"உதைப் போடமாட்டார் அம்மா" என்றேன்.

"போடுவார்" என்றார்.

திங்கட்கிழமை காலை அப்பா அதைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு மீன் ஏலம் கூறப் போனார். மீன்வாடியடியில் நின்றவர்கள் விசிலடித்ததும், ஒருவர் ஆட்டம்போட்டுக் காட்டியதும் எங்கள் முற்றம் வரைக்கும் கேட்டது. அம்மா குசினி வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வெறும் கூடையைக் கவிழ்த்து வைத்து, கை கால் கழுவிவிட்டு, கழுத்துப் பட்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"வெய்யில் பிடரியிலை படேல்லை" என்றார். "அந்தச் சந்தைக்கார மனுசி அடுத்த முறை வரேக்கை இப்பிடி இன்னொண்டு கிடக்கோ எண்டு கேளுங்கோ. நீலத்திலை கிடந்தா நல்லம்."