மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு யுத்தம்

முதலில் மின்விசிறியை நிறுத்துகிறார். அப்புறம் ஜன்னலைச் சாத்துகிறார். மேஜையில் விரிந்திருக்கும் வரைபடத்தில் இரண்டு படைகளும் நகத்தளவு அட்டைச் சில்லுகள்; ஒரு காற்று அடித்தால் போதும், பாதிப் பட்டாளம் கட்டிலுக்கடியில் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் புழுக்கத்தில், மனைவி புருவம் திருத்தும் இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, பனியனோடு வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் யாருக்கும் தளபதி என்று சொல்லத் தோன்றாது. லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் மட்டும் ‘ஜெனரல்’ என்பார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால்.

மற்ற நாளெல்லாம் அடுக்குமாடிகளின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுவதுதான் பிழைப்பு. முழங்கால் இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன, இவர்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்தும்போது, “உள்ள காத்து வரும், பயப்படாதீங்க. பட்டனைப் போட்டு இடிக்காதீங்க, அதுக்கும் ரோஷம் வரும்” என்பார். வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சும் இல்லை. “எல்லாப் பேச்சையும் ஊருக்குக் கொடுத்துட்டு, எனக்கு ‘உம்’ மட்டும் எடுத்துட்டு வர்றாரு” என்பது மனைவியின் புகார். புகாரில் ஒரு பொய்யும் கிடையாது.

எதிரி வேறு யாரும் இல்லை, தங்கை வீட்டுக்காரர். இருப்பது வேறொரு தேசம். கல்யாணமான புதிதில், மாப்பிள்ளையும் மச்சானும் இன்டர்நெட் போனில் என்ன பேசுவதென்று தெரியாமல் மாறி மாறி இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், தங்கைதான் ஒரே மாதிரி இரண்டு யுத்த விளையாட்டுப் பெட்டி வாங்கினாள். ஒன்று இங்கே வந்தது. “பேசத்தான் வரல, சண்டையாவது போடுங்க” என்றாள். ஒரே வரைபடம், ஒரே படைகள், இரண்டு வீட்டு மேஜையிலும். மாப்பிள்ளை தன் நகர்த்தலைச் சொன்னால் இவர் இங்கே அந்தச் சில்லை நகர்த்த வேண்டும். இவர் சொன்னால் அவர் அங்கே. ஆக, எதிரியின் படையைத் தன் வாசலுக்குக் கூட்டி வருவதும் இவர் கைதான். மனைவி விடுவாளா? “சொந்தக் கையாலயே அடி வாங்குற ஒரே ஆளு நீங்கதான்.”

தங்கை கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இருவரும் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் ஆடுகிறார்கள். முகம் தெரிந்தால் யாராவது ஒருவர் அழுதுவிடக்கூடும்; அது நீயா நானா என்று சோதித்துப் பார்க்க இருவருக்குமே தைரியமில்லை. பகடையை அவரவர் வீட்டில் உருட்டி, விழுந்த எண்ணை அவரவரே சொல்ல வேண்டும். அவர் பக்கம் ஒரு தகர மூடியில் பகடை கடகடவென்று ஓடுவது கேட்கும். இவர் பக்கம் சோப்பு டப்பா.

உண்மையைச் சொன்னால், இந்த ஆட்டம் இவருக்கு அலுத்துப்போய் வெகுநாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று உடம்பு கெஞ்சுகிறது. ஆனால் ஆட்டம் முடிந்தால் போனும் முடிந்தது. தங்கைக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டைக் கைகாட்டி உறவென்று சொல்ல வேறெதுவும் மிச்சமில்லை. விட்டகுறை தொட்டகுறையாக இந்தச் சில்லுகள்தான். அதனால் கோட்டை வாசல் வரை போன படையை, “மழை வர்ற மாதிரி இருக்கு மாப்ள” என்று ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார். வரைபடத்தில் ஏது மழை? மாப்பிள்ளையும் கேட்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

“மச்சான், ஒரு விஷயம். ஆஃபீஸ்ல ஒருத்தங்க... அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. அடுத்த மாசம் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்.”

“நல்லது மாப்ள. நல்ல விஷயம்தானே.” மனதாரத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும், தங்கையைப் பறிகொடுத்தாயிற்று, இனி இந்த மனுஷனும் போய்விடுவாரே என்று பயமாக இருந்தது. ஆழமான குழிகளில் தொங்கி வேலை பார்த்தபோதெல்லாம் வராத பயம்.

“இனிமே உங்க வீட்டுக்கு நான் யாரு மச்சான்?” மாப்பிள்ளை சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “சரி விடுங்க. இன்னிக்கு ஆட்டத்த முடிச்சிருவோம். கோட்டைக் காவலை ஆத்துக்கு அந்தப் பக்கம் எடுத்துட்டேன். அடிங்க.”

கோட்டைக் காவலை எடுப்பதாவது! பால் குடிக்கிற பிள்ளைகூடச் செய்யாது. இவர் இடுக்கியால் அந்தச் சிவப்புச் சில்லுகளை ஒவ்வொன்றாக ஆற்றைக் கடத்தி வைத்தார். தன் நீலப்படையைக் கொண்டுபோய்க் காலிக் கோட்டையின் முன்னால் நிறுத்தினார். இருவரும் உருட்ட வேண்டும். அடிக்கிறவருக்கு அதிகம் விழுந்தால் கோட்டை அவருக்கு, ஆட்டமும் முடிந்தது. சமமாக விழுந்தால் கோட்டை தப்பும்.

“எனக்கு ஒண்ணு” என்றார் மாப்பிள்ளை.

தகர மூடியில் சத்தமே கேட்கவில்லை. மனிதர் பகடையைக் கையில்கூட எடுத்திருக்க மாட்டார். ஜெயிக்கப் பொய் சொல்கிறவர்களை ஜெனரலுக்குத் தெரியும். தோற்பதற்குப் பொய் சொல்கிற ஒருவரை இப்போதுதான் கேட்கிறார். பாவி மனுஷா, போக வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?

நன்றாகக் காதில் விழட்டும் என்று சோப்பு டப்பாவில் ஓங்கிப் போட்டார். பகடை சுற்றிச் சுற்றி நின்றது. ஆறு.

“எனக்கும் ஒண்ணுதான் மாப்ள.”

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார், அறுந்திருக்கவில்லை.

“பொய் சொல்றீங்க மச்சான்.”

“நீங்க உருட்டவே இல்ல. அதை நான் கேட்டேனா? சமம்னா கோட்டை நிக்கும். விதி அப்படி.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “அப்ப... அடுத்த ஞாயிறு?”

“வேற எப்போ? அந்தம்மாவையும் பக்கத்துல உக்கார வைங்க. நீங்க தூங்கி வழிஞ்சா காய் நகர்த்த ஆள் வேணும்ல? அவங்களுக்கும் நான் அண்ணன்தான்னு சொல்லுங்க.”

பேச்சு முடிந்து போனை வைத்தார். டீ கொண்டுவந்த மனைவி, டம்ளர் வைக்க இடம் தேடிச் சோப்பு டப்பாவை நகர்த்தப் போனவள் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, ஆறுல்ல விழுந்திருக்கு?”

அவர் ஒரு விரலால் பகடையைப் புரட்டி, ஒற்றைப் புள்ளி மேலே வரும்படி வைத்தார்.