காலிக் கட்டம் இனிப் பூஜ்யமல்ல

அந்த மருத்துவமனையின் நான்காவது மாடியில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையைத் தாண்டிப் போனால், புரோகிராம் எழுதுகிற மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அடுத்தவர் எழுதிய ஆயிரம் வரியில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். பட்டால் சும்மா விடமாட்டாள். பார்த்துவிட்டு அனுப்பினாயா, தூங்கிக்கொண்டே அனுப்பினாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாள். வேலை தெரிந்தவர்களுக்கு வருகிற திமிர்தான், வேறென்ன.

அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பெருமையானது சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் லிஸ்ட். பதினான்கு வருடமாக அந்தப் புரோகிராம் தினமும் காலை ஏழு மணிக்கு ஓடும். டயாலிசிஸ் தொடங்கிய தேதியைப் பார்க்கும், யார் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்று கணக்கிடும், ரத்த வகைவாரியாக வரிசைப்படுத்தும். தானமாக ஒரு சிறுநீரகம் வந்தால் அந்த வகையில் முதலில் இருப்பவருக்கு போன் போகும். சிபாரிசு, செல்வாக்கு எதுவும் செல்லாது. மந்திரியே வந்தாலும் மெஷின் மசியாது என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

அந்த லிஸ்டில் அவளுடைய தம்பியும் இருந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், நாற்பத்து மூன்று வயது, இரண்டு பெண்பிள்ளைகள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். கல்யாணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள், தள்ளிப்போட்டது போட்டதுதான். இப்போதும் தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். நான்கு வருடமாக வாரத்தில் மூன்று நாள் அவனுக்கு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் தொடக்கூடாது. அவன் மனைவி காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பாள். மாலைக்குள் அது தீர்ந்துபோனால் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கும்போது அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அதனால் வீட்டில் எல்லோருமே சமையலறைக்குள் போய் ஒளிந்து நின்றுதான் தண்ணீர் குடித்தார்கள்.

அந்த வருடம்தான் அவன் தன் ரத்த வகையில் முதல் இடத்துக்கு வந்திருந்தான். வந்ததும் நல்ல சமயத்தில்தான் வந்தான். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை, இதயம் வீங்கத் தொடங்கியிருக்கிறது, சீக்கிரம் கிடைத்தால் நல்லது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

இந்தச் சமயத்தில் புரோகிராம் மொழியின் புதுப் பதிப்பு வந்தது. சில்லறை மாற்றமில்லை, பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய அப்டேட். அவர்கள் பிரிவுத் தலைவர் அதன் குறிப்புகளைச் சொந்தப் பிள்ளையின் மார்க் ஷீட் மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டினார். வேகம் இரண்டு மடங்காம். தப்பு நடந்தால் எந்த வரியில், எந்த எழுத்தில் என்று சுட்டிக்காட்டுமாம். பூதக்கண்ணாடிக்கு இனிமேல் வேலையில்லை என்று ஒருவர் கிண்டலடித்தார். அவளும் சிரித்தாள். பதினேழாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியை அவர் படிக்கவில்லை, அவளே பிறகு படித்தாள். காலியாக விடப்பட்ட கட்டத்தை மொழி இனிமேல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். நல்ல மாற்றம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம், லிஸ்டின் நகல் ஒன்றை எடுத்துப் புதுப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தாள். நின்றுவிட்டது. ஒரு நோயாளியின் டயாலிசிஸ் தேதி காலி என்றது. அவரைத் தாண்டி ஓட்டினாள். இன்னொருவர். மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். பழைய ஊர்க் காகிதங்களோடு வந்தவர்களுக்குத் தேதியைத் தேடிப் போடச் சோம்பல்பட்டு, பதிவு செய்தவர்கள் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். காலியை அவளுடைய புரோகிராம் பதினான்கு வருடமாகப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. காத்திருந்த நாட்கள் பூஜ்யம். ஆறு வருடம் காத்திருந்தவரும் நேற்று வந்தவருக்குப் பின்னால்.

ஊரார் தப்பையெல்லாம் பிடித்தவள் தன் தப்பைப் பதினான்கு வருடம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்கு முன்னால் இப்படி எத்தனை பேர் கடைசியிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்களோ என்று, முடிந்துபோனவர்களின் பட்டியலைத் திறந்தாள். முதல் பக்கத்தைக்கூடப் படிக்கத் தைரியம் வரவில்லை, மூடிவிட்டாள்.

ஒன்பது பேரின் பழைய கடிதங்களும் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருந்தன. தேதிகளை நகலில் போட்டு மறுபடியும் ஓட்டினாள். தம்பி இரண்டாவது இடத்துக்குப் போனான். முதல் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். வயது முப்பத்தெட்டு, தொழில் தையல், ஆறு வருடமும் இரண்டு மாதமும்.

அன்று சாயங்காலம் தலைவர் திங்கட்கிழமை புதுப் பதிப்புக்கு மாறிவிடலாமா என்று கேட்டார்.

"இன்னும் மூணு வாரம் போகட்டும் சார். லிஸ்ட் விஷயம், நல்லா டெஸ்ட் பண்ணிட்டு மாத்துறேன்."

"நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்றார் அவர்.

அவ்வளவுதான் நடந்தது. யார் அப்டேட்டைத் தள்ளிப்போடவில்லை? உலகத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் "பிறகு செய்யலாம்" என்ற பட்டனில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிஜமான லிஸ்டில் ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை என்று வீடு போய்ச் சேரும்வரை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். தொடாமல் இருந்ததுதான் குற்றம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை தம்பியோடு டயாலிசிஸ் வார்டுக்குப் போனாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், ஒரு கையைக் குழாய்க்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் மடியிலிருந்த சட்டையின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேலை என்று கேட்கவே தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணே பேச்சுக் கொடுத்தாள். தம்பி முதல் இடத்தில் இருக்கிறான் என்று கேட்டதும் மனசார சந்தோஷப்பட்டாள்.

"நான் எங்கயோ கடைசில இருக்கேனாம்க்கா. ஆறு வருஷமாச்சு. என்னைவிட முடியாதவங்க நிறையப் பேர் இருப்பாங்க போல. அவங்களுக்கு முதல்ல கிடைக்கட்டும்."

பூதக்கண்ணாடி தலையாட்டினாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் டாக்டர்களுக்கு எல்லாவற்றையும் விவரமாகக் கடிதம் எழுதினாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. தம்பியின் சின்னப் பெண் போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறார், அத்தை சீக்கிரம் வா என்றாள். கடிதத்தை அனுப்பாமல் எழுந்து ஓடினாள்.

அதற்கு நான்காம் நாள் காலையில் தம்பிக்கு போன் வந்தது. எங்கேயோ ஒரு விபத்து, யாரோ ஒருவருடைய குடும்பம் பெரிய மனசு பண்ணியிருந்தது. பொருந்திப்போயிற்று. ஆபரேஷன் முடிய நான்கு மணி நேரமானது. வெளியே வந்த டாக்டர் உள்ளே வைத்தவுடனே சிறுநீர் வந்துவிட்டது என்று சிரித்தார். தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாம் நீங்க எழுதின மெஷின் புண்ணியம் அண்ணி" என்றாள்.

மூன்று வாரம் முடிந்ததும் சொன்ன சொல் தவறாமல் புதுப் பதிப்புக்கு மாற்றினாள். ஒன்பது தேதிகளையும் போட்டாள். பழைய தப்பை விளக்கி, அது தன்னுடைய தப்புதான் என்று பெயர் போட்டு அறிக்கை கொடுத்தாள். எப்போது கண்டுபிடித்தாள் என்று மட்டும் எழுதவில்லை. கூட்டத்தில் டாக்டர்கள் திட்டவில்லை. வேறு யாராவது என்றால் மூடி மறைத்திருப்பார்கள் என்றார் ஒருவர். அவசரப்படாமல் சோதித்ததால்தான் இது வெளியே வந்தது என்றார் தலைவர். டெஸ்ட் மெஷினில் அந்தப் புதன்கிழமையின் பதிவு தேதியோடு, நேரத்தோடு அப்படியே இருந்தது. அவள் அழிக்கவில்லை. யாராவது திறந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். யாரும் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் அப்படித் திறந்து பார்க்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை ஏழு மணி லிஸ்டை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது பேருக்கு எட்டுப் பேர்தான் இருந்தார்கள். தையல்காரியின் பெயர் முடிந்துபோனவர்களின் பட்டியலில் இருந்தது. இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது, பதிவு இன்றுதான் ஏறியிருந்தது. அவள் போனது, தம்பிக்கு ஆபரேஷன் நடந்த ஆறாவது நாள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. பிள்ளைகள் இரண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, பெரிய டம்ளரை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, மூச்சு விடாமல் குடித்தான். நான்கு வருடமாக அவள் பார்க்க ஏங்கிய காட்சி அது. சின்னப் பெண் கைதட்டினாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரை அக்காவிடம் நீட்டினான்.

"இன்னொரு டம்ளர் ஊத்துக்கா."

அவள் ஜாடியை எடுத்து ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவன் அதைக் கவனிக்காமல் குடிக்கத் தொடங்கியிருந்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.