கைப்பைக்குள் கிடந்த கேள்வி

யுத்த காலம். குண்டுப் பயத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் பெற்றோரே முறை வைத்துப் பைகளைச் சோதித்தார்கள். மற்ற அம்மாமார் பையை மேலால் தடவிவிட்டுக் கதையில் இறங்கிவிடுவார்கள். என் அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இடியப்பத்தையும் கிளறிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை அவருடைய முறை. அன்று வகுப்பே என்னைத் திட்டும்.

அந்த வருடம் சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் வந்தது. ரீச்சர் மனிதர் பக்கமே போகவில்லை. செவ்வரத்தம் பூவை வரைந்து சமாளித்தார். பிள்ளை பெற ஒரு வண்டு வேண்டும் என்ற அளவில்தான் எங்களுக்கு விளங்கியது. சந்தேகம் இருந்தால் பெயர் போடாமல் எழுதி, மேசையில் உள்ள சப்பாத்துப் பெட்டிக்குள் போடச் சொன்னார்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. முன்வாங்கில் இருந்த ஒருத்தி திரும்பிச் சிரித்தால் அன்று முழுக்க எனக்குக் கணக்கு ஓடாது. "ஒரு பெண்பிள்ளைக்கு இன்னொரு பெண்பிள்ளையைப் பிடித்தால் அது எந்தப் பாடத்தில் வரும்?" என்று எழுதி, கொம்பாஸ் பெட்டிக்குள் ஒளித்தேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை என்பதை மறந்துபோனேன், மடைச்சி.

அம்மா கொம்பாஸ் பெட்டியையும் திறந்தார். துண்டை விரித்து வாசித்தார். என் கோழிக்கிறுக்கல் அவருக்குத் தெரியாததா? இனி என்னை வீட்டுக்குள் எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டை மடித்து வைத்து, "போ" என்றார்.

வகுப்பில் நான் அதைப் பெட்டிக்குள் போட்டேன். ரீச்சர் எடுத்து மனதுக்குள் வாசித்து, "இது பாடத்திட்டத்தில இல்லை" என்று தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பின்னேரம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ரீச்சர் பதில் சொன்னாவோ?"

இல்லை, கைப்பைக்குள் போட்டுக்கொண்டா என்றேன்.

அடுத்த வெள்ளி வாசலில் ரீச்சர் எனக்கு முன்னால் வந்தார். ரீச்சர்மாரின் பையை ஒருவரும் திறப்பதில்லை. அம்மா திறந்தார். அடியில் கிடந்த துண்டை வெளியே எடுத்தார்.

"இதுக்கு இன்னும் பதில் சொல்லேல்லையே, ரீச்சர்?"

ரீச்சர் குரலைத் தாழ்த்தினார். "எந்த வீட்டுப் பிள்ளை எழுதினதோ..."

"என்ர வீட்டுப் பிள்ளைதான். பையை மூடுங்கோ, பின்னால லைன் நிக்குது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்று கரும்பலகையில் பூ இல்லை. ரீச்சர் பின்சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அப்பிடியும் பிள்ளையள் இருக்கினம். அது நோயும் இல்லை, பாவமும் இல்லை. பகிடி பண்ணினால் வெளியில நிக்கவேணும்."

அந்த வருடம் முழுக்க நான் சொல்லுக்குச் சொல் எழுதிய நோட்ஸ் அது ஒன்றுதான்.