வேலியில் எடுத்த தலைமயிர்

கோப்பாயில் சேர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்கார வீட்டில் வேலைக்கு நின்றேன். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தினமும் சீப்பால் தலை இழுத்துப் பின்னிவிட்டது நான்தான். பத்து வயதில் காய்ச்சல் வந்து அவள் செத்துப்போனாள்.

பிறகு ஒருநாள் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி தொங்கியது. உள்ளே கறுப்புப் பூ வளையம். தூசி தட்டும்போது திறந்து தொட்டுப் பார்த்தேன். பூவெல்லாம் தலைமயிர். பிள்ளையின் அம்மாவையும் கொண்டுபோக யாரோ வைத்த சூனியம் என்று பயந்து, வளையத்தை எடுத்து அடுப்பில் போட்டேன்.

மயிர் எரிந்த மணத்துக்கு அம்மா ஓடிவந்தா. "எடி விசரி, என்னத்தை எரிக்கிறாய்?"

"சூனியம் அம்மா. சுவரிலை கிடந்தது."

அம்மா நிலத்தில் குந்திவிட்டா. "அது என்ரை பிள்ளையின்ரை மயிரடி. நினைவுக்கெண்டு நான்தான் பூவாக் கட்டினனான். இனி அவளின்ரை எண்டு என்னட்டை என்ன இருக்கு?"

தலை இழுத்தால் கழிகிற மயிரைச் சுருட்டி ஓலை வேலிக்குள் செருகுவது எங்கள் வழக்கம். பிள்ளையின் மயிரையும் என் மயிரையும் அங்கேதான் செருகினேன். ஓடிப்போய் வேலி முழுக்கக் கிளறினேன். ஓலை கையைக் கிழித்தது. ஒரேயொரு சுருள் கிடைத்தது.

"இது அவளின்ரைதானே?" என்று அம்மா கேட்டா.

"ஓம்" என்றேன்.

அம்மா அதை அலசி, ஒரு பூக் கட்டிக் கண்ணாடிக்குள் வைத்தா. இப்போதும் செபம் முடிந்தால் அந்தக் கண்ணாடியை ஒருக்கா தொடுவா. அது பிள்ளையின் மயிரோ என் மயிரோ, எனக்குத் தெரியாது. கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பேன். ஒருதரம் எரித்தது போதும் என்று பேசாமல் துடைப்பேன்.