நாய்க்குட்டி கேட்டுப் போன இடத்தில்

மகள்தான் நாய்க்குட்டி கேட்டாள். காலேஜ் போகிற பிள்ளை. சின்ன வயதிலிருந்தே எதையும் கேட்டு அடம் பிடித்தவள் இல்லை. இதை மட்டும் விடாமல் கேட்டாள்.

நாங்கள் ஒத்தக்கடையில் இருக்கிறோம். சொந்த ஊர் திருவாதவூர்ப் பக்கம். நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். செங்கல், சிமெண்டு, கல்யாண வீட்டுப் பாத்திரம், எது வந்தாலும் ஏற்றுவேன்.

மனைவிக்கு நாய் பிடிக்காது. "முடி கொட்டும். வாசல்ல அசிங்கம் பண்ணும். ஊருக்குப் போனா யாரு பாக்குறது?" என்றாள். மகள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சோறு தின்னும்போதும் இதே பேச்சு. கடைசியில் மனைவி, "அம்புட்டையும் நீதான் அள்ளணும். நான் கிட்ட வரமாட்டேன்" என்றாள். அப்படிச் சொன்னால் சரி என்று அர்த்தம். நானும் சரி என்றேன்.

திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் குட்டி கொடுக்கிறார்கள் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். தெருவில் கிடந்தது, வண்டியில் அடிபட்டது, சாக்கடையில் விழுந்தது, இதையெல்லாம் எடுத்து வைத்தியம் பார்த்து வளர்க்கிறவர்களுக்குத் தருகிறார்களாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிப் போனேன்.

படித்த ஆட்கள் கூட்டம். கம்பி அடைப்புக்குள் துணி விரித்துக் குட்டிகளை விட்டிருந்தார்கள். எல்லோரும் குனிந்து கொஞ்சிக்கொண்டு இருந்தார்கள். மகள் ஒரு செவலைக் குட்டியைக் காட்டினாள். பொட்டைக் குட்டி. "இதுதான்ப்பா" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் குட்டி எடுக்க ஒரு முறை உண்டு. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காலை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் தொங்கினால் நல்ல குட்டி. கத்தினால் அது காவலுக்கு ஆகாது. ஆட்டுக் கிடைக்கு நாய் எடுப்பது அப்படித்தான். தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

நான் அதைத்தான் செய்தேன். முதலில் பக்கத்தில் நின்ற கருப்பைத் தூக்கினேன். சும்மா தொங்கியது. பிறகு செவலையைத் தூக்கினேன். அது வீல் என்று கத்தியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"இது ஆகாதுத்தா. கருப்பை எடுத்துக்குவோம்" என்றேன். குட்டி இன்னும் என் கையில் தொங்கிக்கொண்டு இருந்தது.

அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், விடுங்க! மொதல்ல கீழ விடுங்க! தூக்கித் தூக்கிப் பாக்குறதுக்கு இது என்ன கத்தரிக்காயா? இடுப்புல அடிபட்டு இப்பதான் தேறுது அது!"

குட்டியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடித்தார். அது அடிபட்ட குட்டி என்று எனக்குத் தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மகளைத் தேடினேன். பக்கத்தில் இல்லை. தள்ளிப்போய் தண்ணீர்க் கேன் பக்கம் நின்றாள். என்னோடு வராதவள் மாதிரி நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசினாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். காதில் விழுந்தது.

"சாரிக்கா. எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு வீட்லயே இருக்க மாட்டாருக்கா. லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருவாரு. குட்டியை நானும் அம்மாவும்தான் பாத்துக்குவோம்."

நான் மேலூர் தாண்டிப் போவதே அபூர்வம். ராத்திரிச் சோறு வீட்டில்தான்.

"வீட்டை வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவோம். யாருக்குமே அப்படித்தான்" என்றாள் அந்தப் பெண்.

திரும்பி வரும்போது மகள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மாட்டுத்தாவணி தாண்டும்போது, "ஒனக்கு எதுக்குப்பா இந்த வேல?" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மாவும் மகளும் அடுப்படியில் பேசினார்கள். மனைவி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "ஏங்க, அங்க போயியா ஒங்க ஊரு வேலையக் காட்டுனீங்க?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்க வருவதாகப் போன் வந்தது. அன்றைக்குக் காலையில் மனைவி இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சாயங்காலம் எதாச்சும் லோடு இருக்கா?"

"இல்ல."

"இருந்தா நல்லாருக்கும்."

புரிந்தது. மகள் சொல்லச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"போறேன்" என்றேன்.

வண்டியை அடுத்த தெருவில் மறைவாக நிறுத்தினேன். கைலியும் துண்டுமாக மெயின் ரோட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் எனக்குப் பழக்கம்.

"என்ன மாப்ள, வீட்ல வெரட்டி விட்டாகளா?"

"நாய்க்குட்டி குடுக்குறவங்க வீடு பாக்க வாராங்க. நான் இருக்க வேணாம்னு."

"பொண்ணு பாக்க வாரப்பகூட அப்பன் வீட்லதானய்யா இருப்பான். நாய்க்கு எதுக்கு நீ வெளியேறணும்?"

நான் டீயைக் குடித்தேன்.

அந்த நேரத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்தினாள். மண்டபத்தில் சத்தம் போட்டவள் இல்லை. வேறு பெண். என்னை அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, குட்டியானை வச்சிருக்காங்களே, காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்கு, அவங்க வீடு எது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். "ரெண்டாவது சந்தும்மா. பச்சைக் கேட்டு."

அவள் போகவில்லை. "அவங்க எப்படிண்ணே? நாய்க்குட்டி கேட்டிருக்காங்க. பக்கத்துல விசாரிச்சுட்டுத்தான் குடுப்போம்."

"அந்தாளா?" என்றார் கடைக்காரர். "நாலு வார்த்த சேந்தாப்புல பேச மாட்டாரும்மா."

"நாயை அடிப்பாரா?"

"அந்த வீட்ல அடி வாங்குறதே அவருதாம்மா."

அவள் சிரித்தாள். "ரொம்ப மொரட்டு ஆளுன்னு சொன்னாங்க. ஆனா வீட்ல இருக்கிறதே இல்லையாமே? வெளியூர்லயே இருப்பாராம். அதனாலதான் குடுக்கலாமான்னு பாக்குறோம்."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். இது அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார்.

ஆமா என்று தலையாட்டினால் போதும். குட்டி வந்துவிடும். மகள் கேட்டது கிடைத்துவிடும். தலையாட்டத்தான் நினைத்தேன்.

"நாந்தாம்மா அது" என்றேன். "தெனம் வீட்லதான் படுப்பேன்."

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "சாரிண்ணே" என்றாள். பிறகு, "வாங்க, ஏறுங்க. வீட்டைக் காட்டுங்க" என்றாள்.

நான் ஏறவில்லை. முன்னால் நடந்தேன். அவள் ஸ்கூட்டரை உருட்டுகிற மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

மகள் கேட்டில் நின்றாள். நல்ல சுடிதார் போட்டிருந்தாள். ஸ்கூட்டரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அப்பா வெளியூர்ல இருப்பாருன்னு சொல்லிருந்தியாமே?" என்றாள் வந்த பெண். அதட்டிக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மண்டபத்தில் அம்புட்டுப் பேர் பார்க்க நின்றபோதுகூட எனக்கு இப்படி இல்லை. பெத்த பிள்ளையை அடுத்த ஆள் முன்னால் நானே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். டீக்கடையில் தலையை ஆட்டியிருக்கலாம்.

"நாந்தாம்மா அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பெண் என்னையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"இல்லக்கா, நாந்தான் சொன்னேன்" என்றாள் மகள். குரல் உடைந்துவிட்டது. "அவரு இருக்காருன்னா தர மாட்டீங்கன்னு."

உள்ளேயிருந்து மனைவி, "தெருவுல நிக்க வச்சே பேசிக்கிட்டு இருப்பீங்களா? உள்ள வாம்மா, காபி ஆறுது" என்று கத்தினாள்.

அந்தப் பெண் உள்ளே வந்து மாடிப்படியைப் பார்த்தாள். கேட்டுக் கம்பியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என்னிடம், "ஏண்ணே குட்டியை அப்படித் தூக்குனீங்க?" என்றாள். ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"இனிமே அப்படித் தூக்கக் கூடாது."

"தூக்க மாட்டேன்."

"வீட்ல இருக்கிற எல்லாருக்கும் சம்மதம்னாத்தான் குடுப்போம். ஒங்களுக்குச் சம்மதமாண்ணே?"

அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. சம்மதம் என்றேன். மகள் நிமிரவில்லை.

செவலைக் குட்டி வந்துவிட்டது. இப்போது வீட்டில்தான் இருக்கிறது. மகளும் நானும் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பேசத் தெரியவில்லை.

போன வாரம் அவள் கூடப் படிக்கிற பிள்ளைகள் நாயைப் பார்க்க வந்தார்கள். கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் நான் சட்டையை மாட்டினேன்.

"எங்கப்பா போற?" என்றாள்.

"டீக்கடைக்கு."

"எதுக்கு? இருப்பா."

இருந்தேன். அந்தப் பிள்ளைகள், "அங்கிள், ஒங்களுக்குப் பயப்படுமா இது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் சொன்னாள் என்று இருந்தேனே தவிர, இவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்றுதான் எனக்கு இருந்தது.